பழைய கேரவனில் பேட்டரி ஐசொலேட்டரை மாற்றுவது எப்படி?

ஆலங்குளத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவரிடம் 2004-ஆம் ஆண்டு டெம்போ டிராவலர் ஒன்று இருக்கிறது. முன்பு வைத்திருந்தவர் அதைக் கேரவனாக மாற்றியிருக்கிறார். இன்ஜினுக்கு ஒரு பேட்டரி. பின்னால் விளக்கு, விசிறிகள், சிறிய குளிர்பெட்டி ஆகியவற்றுக்கு 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரி. சாரல் தொடங்கியதும் குடும்பத்தோடு குற்றாலம் போயிருக்கிறார்கள். நள்ளிரவுக்கு முன்பே விசிறிகள் நின்றுவிட்டன. காலையில் குளிர்பெட்டியில் வைத்திருந்த பால் திரிந்துவிட்டது. இன்ஜின் மட்டும் ஒரே செல்ஃபில் எடுத்துக்கொண்டது. வண்டியைப் பார்த்த மெக்கானிக், இன்ஜின் அறையில் துடுப்புகளோடு இருக்கும் அலுமினியப் பெட்டியைக் காட்டி, "ஐசொலேட்டர் போய்விட்டது, இதே போல ஒன்று வாங்கி மாட்டுங்கள்" என்று சொல்லியிருக்கிறார். "அண்ணாச்சி, இதே பெட்டி எங்கும் கிடைக்கவில்லை. வேறு எதைப் போடலாம்? நானே மாற்றலாமா?" என்பது கேள்வி.

நீங்களே மாற்றலாம் தம்பி. ஸ்பானர் பிடிக்கத் தெரிந்தவருக்கு ஒரு பகல் வேலைதான். ஆனால் இன்னும் எதையும் வாங்காதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அந்தப் பெட்டி கெட்டுப்போயிருக்கலாம், கெடாமலும் இருக்கலாம். பாளையங்கோட்டையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வண்டி வயரிங் செய்தவன் நான். ஐசொலேட்டர் போய்விட்டது என்று சொல்லிக்கொண்டு என் பட்டறைக்கு வந்த வண்டிகள் பலவற்றில் பெட்டி நன்றாகவே இருந்தது. எர்த் வயரோ (பேட்டரியின் நெகட்டிவை வண்டியின் இரும்போடு சேர்ப்பது), லக்கோ (வயர் முனையில் இருக்கும் உலோக வளையம்), பேட்டரியின் செல்லோதான் போயிருந்தது. ஒரு மல்டிமீட்டரும் அரைமணி நேரமும் இருந்தால் உண்மை தெரிந்துவிடும். அளக்காமல் பெட்டியை மாற்றுவதுதான் இந்த வேலையில் மிகப் பெரிய செலவு.

முதலில் அந்தப் பெட்டி என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரே வாய்க்காலிலிருந்து இரண்டு வயல்களுக்குத் தண்ணீர் பாய வேண்டும். ஆனால் ஒரு வயலின் தண்ணீர் வடிந்து அடுத்த வயலுக்குப் போய்விடக் கூடாது. வாய்க்கால் என்பது ஆல்டர்னேட்டர், அதாவது இன்ஜின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கும் கருவி; வயல்கள் இரண்டு பேட்டரிகள். உங்கள் பெட்டிக்குள் இரண்டு பெரிய டயோடுகள் இருக்கின்றன. பெட்டியில் வயர் மாட்டும் ஆணிகள் மூன்று; நடு ஆணியில் ஆல்டர்னேட்டர் வயர் வந்து சேரும். ஆங்கில எழுத்து ஏ என்று அதில் குறித்திருக்கும். பக்கத்து ஆணிகளில் 1-இலிருந்து இன்ஜின் பேட்டரிக்கும், 2-இலிருந்து பின்னால் இருக்கும் உள்பேட்டரிக்கும் வயர் போகும். டயோடு ஒரு பக்கம்தான் விடும். ஆகவே இரவில் விசிறி எவ்வளவு ஓடினாலும் இன்ஜின் பேட்டரியைத் தொடாது.

இந்த ஏற்பாட்டில் ஒரு குறை உண்டு. டயோடைத் தாண்டுவதற்கு மின்சாரம் ஒரு விலை கொடுக்க வேண்டும். தண்ணீர் ஒரு வரப்பின் மேல் ஏறி இறங்குவது போல. சாதாரண சிலிக்கான் டயோடில் அந்த விலை 0.6 முதல் 0.7 வோல்ட், மின்னோட்டம் கூடினால் 1 வோல்ட்டைக்கூட நெருங்கும். ஆல்டர்னேட்டர் 14.2 கொடுத்தால் பேட்டரிக்கு 13.5 தான் போய்ச் சேருகிறது. டியூபுலர் பேட்டரி நிறைய வேண்டுமானால் 14.2-க்கு மேல் கேட்கும். 13.5-இல் வைத்தால் அது பசியோடே இருக்கும். முக்கால் வயிற்றுக்கு மேல் ஏறாது. மாதக்கணக்கில் அப்படியே கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். பிறகு எத்தனை மணி நேரம் சார்ஜ் போட்டாலும் 150 ஆம்பியர்-மணி என்று எழுதியிருக்கும் பேட்டரி பாதியைக்கூடத் தராது. உங்கள் வண்டியில் நடந்தது இதுதானோ என்று எனக்குச் சந்தேகம் இருக்கிறது. அது உறுதியாக வேண்டுமானால் அளக்க வேண்டும்.

வண்டியை இரவு முழுவதும் நிறுத்திவைத்து, காலையில் எதையும் போடாமல் தொடங்குங்கள். மீட்டரின் கருப்பு முனையை அந்தந்தப் பேட்டரியின் நெகட்டிவ் ஆணியிலேயே வையுங்கள், பாடியில் வைக்காதீர்கள். இரண்டு பேட்டரிகளின் வோல்ட்டையும் எழுதிக்கொள்ளுங்கள். சும்மா இருக்கும் பேட்டரியில் 12.7 இருந்தால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி, 11.8-க்குக் கீழே போனால் காலி. பிறகு ஐசொலேட்டரின் ஏ ஆணியைத் தொட்டுப் பாருங்கள். இன்ஜின் ஓடாதபோது அங்கே பூஜ்யமோ, அதற்குப் பக்கத்திலோ காட்ட வேண்டும். அங்கும் 12 வோல்ட் முழுதாகக் காட்டினால் ஏதோ ஒரு டயோடு பின்பக்கமாகக் கசிகிறது என்று பொருள்.

அடுத்து இன்ஜினை எடுத்து, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் மிதித்து, சுமார் 1,500 சுற்றில் நிறுத்திப் பிடிக்க ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். ஏ, 1, 2 மூன்றையும் அளந்து எழுதுங்கள். தனித்தனி எண்ணைவிட வித்தியாசமே முக்கியம். ஏ-வுக்கும் 1-க்கும் நடுவே 0.6 முதல் 1 வரை, ஏ-வுக்கும் 2-க்கும் நடுவே அதே அளவு இருந்தால் பெட்டி உயிரோடு இருக்கிறது. ஏ-வில் 14.2, 1-இல் 13.5, ஆனால் 2-இல் 12.3 என்று வந்தால் இரண்டாவது டயோடு உள்ளே அறுந்துவிட்டது. உள்பேட்டரிக்கு ஒன்றுமே போகவில்லை. ஏ-வும் பக்கத்து ஆணி ஒன்றும் வித்தியாசமே இல்லாமல் ஒரே எண்ணைக் காட்டினால் அந்த ஆணியின் டயோடு ஷார்ட் ஆகியிருக்கிறது. உங்கள் வண்டியில் 1-ஆம் ஆணியின் டயோடுக்கு அது நடந்திருக்காது என்று இங்கிருந்தே சொல்லலாம். நடந்திருந்தால் இரவு விசிறி இன்ஜின் பேட்டரியையும் சேர்த்துக் காலி செய்திருக்கும். காலையில் செல்ஃப் எடுத்திருக்காது.

பெட்டி சரியாக இருந்தால் தேடலைப் பின்பக்கம் நகர்த்துங்கள். இன்ஜின் ஓடும்போதே 2-ஆம் ஆணிக்கும் உள்பேட்டரியின் பாசிட்டிவ் ஆணிக்கும் நடுவே மீட்டரை வையுங்கள். நீளமான வயர் துண்டு ஒன்று தேவைப்படும். அங்கே 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வயரோ, லக்கோ, ஃபியூஸ் பிடிப்போ தின்றுகொண்டிருக்கிறது. கடைசியாக, பலரும் மறக்கும் ஓர் அளவு: ஆல்டர்னேட்டரின் உடம்புக்கும் உள்பேட்டரியின் நெகட்டிவ் ஆணிக்கும் நடுவே. அதுவும் 0.2-க்குள் இருக்க வேண்டும்.

இந்தக் கடைசி அளவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உவரிப் பக்கத்திலிருந்து ஒரு வேன் வந்தது. வேறெங்கோ இரண்டு தடவை ஐசொலேட்டர் மாற்றியிருந்தார்கள்; இரண்டு தடவையும் பணம் போனது, உள்பேட்டரி நிறையவில்லை. நான் முதலில் எர்த்தைத்தான் அளந்தேன். இன்ஜினுக்கும் சேஸிஸுக்கும் நடுவே இருக்கும் பின்னல் பட்டை பார்ப்பதற்கு முழுசாக இருந்தது. ஆனால் போல்ட்டுக்கு அடியில் தாமிரம் முழுவதும் பச்சைக் களிம்பாகிப் பொடியாகிக் கிடந்தது. கடற்கரையோரம் ஓடும் வண்டியில் உப்புக்காற்று இதைத்தான் செய்யும். மணப்பாடு, இடிந்தகரை, கூத்தங்குழி என்று எந்தக் கரையில் வண்டியை நிறுத்தினாலும் இதே கதைதான். புதுப் பட்டை போட்டு, சேஸிஸில் பெயிண்டைச் சுரண்டி, இறுக்கி, மேலே வாசலின் தடவிவிட்டோம். அந்த வண்டிக்கு ஐசொலேட்டரே தேவைப்படவில்லை. ஆலங்குளம் கடலிலிருந்து தள்ளித்தான் இருக்கிறது. ஆனாலும் உங்கள் வண்டி இருபது ஆண்டு பழையது, முன்பு வைத்திருந்தவர் எங்கே ஓட்டினாரோ தெரியாது. எர்த்தைப் பார்க்காமல் விடாதீர்கள்.

சரி, அளந்தாகிவிட்டது, டயோடு போனது உறுதி என்று வைத்துக்கொள்வோம். இப்போது எதைப் போடுவது? அதே டயோடு பெட்டியைத் தேடி அலைய வேண்டாம் என்பதே என் கருத்து. அது கிடைக்காமல் போனது உங்களுக்கு நல்லதே. அந்த 0.7 வோல்ட் விலையை இனியும் கொடுக்க வேண்டியதில்லை.

உங்கள் வண்டிக்கு நான் சொல்வது வோல்ட்டைப் பார்த்து இரண்டு பேட்டரிகளையும் தானாக இணைத்துப் பிரிக்கும் ரிலே, கடையில் வி.எஸ்.ஆர். என்று கேட்டால் கொடுப்பார்கள். இரண்டு பெரிய ஆணிகள், ஒரு மெல்லிய கருப்பு வயர், அவ்வளவுதான். இன்ஜின் பேட்டரி ஏறக்குறைய 13.3 வோல்ட்டைத் தொட்டதும் 'டக்' என்று இணைத்துவிடும், 12.8-க்கு இறங்கினால் பிரித்துவிடும். துல்லியமான எண் பெட்டியில் அச்சிட்டிருக்கும். உள்ளே டயோடு இல்லாததால் வோல்ட் இழப்பு மிகச் சொற்பம். ஆல்டர்னேட்டரின் உடம்பில் எத்தனை ஆம்பியர் என்று குறித்திருக்கும். ரிலேயின் அளவு அதைவிடக் கணிசமாக அதிகமாக இருக்கட்டும். 120 அல்லது 140 ஆம்பியர் ரிலே பெரும்பாலும் போதும்.

சிலர் உங்களிடம் மலிவாக ஒரு சாலினாய்டு, அதாவது சுருளுக்கு மின்சாரம் கொடுத்தால் இணைக்கும் பெரிய சுவிட்ச், போட்டுத் தருகிறேன் என்பார்கள். அதில் ஒரு பொறி இருக்கிறது. செல்ஃப் மோட்டாருக்கு உள்ள சாலினாய்டும், நாள் முழுவதும் இணைந்திருக்கக்கூடிய சாலினாய்டும் பார்ப்பதற்கு ஒரே தகரக் குப்பி போல இருக்கும். முதலாவது சில நொடிகளுக்கு மட்டுமே செய்யப்பட்டது. மணிக்கணக்கில் வைத்தால் சுருள் காய்ந்து உருகிவிடும். தொடர்ந்து இயங்கக்கூடியது என்று கடைக்காரர் எழுதிக்கொடுக்காமல் வாங்காதீர்கள். சரியானதையே வாங்கினாலும், அதன் சுருளுக்குச் சாவியிலிருந்து மின்சாரம் கொடுத்தால் செல்ஃப் அடிக்கும் நொடியில் இரண்டு பேட்டரிகளும் இணைந்திருக்கும். செல்ஃப் மோட்டாரின் பெரிய இழுப்பு உள்பேட்டரியின் வயர் வழியாகவும் வந்து ஃபியூஸைக் கொண்டுபோகும். ஆல்டர்னேட்டரின் சார்ஜ் விளக்கு முனையிலிருந்து கொடுப்பது நல்லது. ஆனால் அந்த முனையால் சாலினாய்டு சுருளைத் தாங்க முடியாது. நடுவே ஹெட்லைட்டுக்குப் போடும் சிறு ரிலே ஒன்றும், அதன் சுருளின் குறுக்கே ஒரு டயோடும் வேண்டும். வி.எஸ்.ஆர். இத்தனை சிக்கலையும் தானே பார்த்துக்கொள்கிறது.

உள்பேட்டரியை லித்தியமாக மாற்றும் எண்ணம் இருந்தால் கதையே வேறு. லித்தியம் பேட்டரி கிடைத்ததையெல்லாம் இழுக்கும். பழைய ஆல்டர்னேட்டர் அந்த இழுப்பில் சூடேறி எரிந்துபோகும். அதற்கு 20 அல்லது 30 ஆம்பியரில் கட்டுப்படுத்திக் கொடுக்கும் டி.சி.-டி.சி. சார்ஜர்தான் போட வேண்டும். வண்டி 24 வோல்ட் பஸ் சேஸிஸாக இருந்தாலும் அப்படித்தான். 24 வோல்ட் வண்டியில் இரண்டு பேட்டரிகளில் ஒன்றின் முனையிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்துப் பாட்டுப் பெட்டிக்குக் கொடுக்கும் வழக்கம் நம் ஊரில் இருக்கிறது. அது ஒரு பேட்டரியைப் பட்டினி போட்டு மற்றதைப் பொங்க வைக்கும். தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். உங்கள் வண்டி 12 வோல்ட், டியூபுலர் பேட்டரி, அதனால் வி.எஸ்.ஆர். போதும்.

இனி வயரை மாற்றிக் கட்டும் விஷயம். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். புதுப் பெட்டியைப் பழைய பெட்டியின் இடத்தில் அப்படியே வைத்து, மூன்று வயர்களையும் எப்படியாவது மாட்டப் பார்க்கிறார்கள். டயோடு பெட்டிக்கு மூன்று ஆணிகள், வி.எஸ்.ஆருக்கு இரண்டு. முன்பு ஆல்டர்னேட்டர் நடுவில் இருந்தது. இனி அது நேராக இன்ஜின் பேட்டரியோடு சேர வேண்டும். ஏ ஆணியில் இருந்த வயரையும் 1-ஆம் ஆணியில் இருந்த வயரையும் ஒன்றாக்கி, வி.எஸ்.ஆரின் இன்ஜின் பக்கத்து ஆணியில் சேர்த்து இறுக்குங்கள். 2-இல் இருந்த வயர் எதிர்ப்பக்கத்து ஆணிக்குப் போகும். கருப்பு வயர் நல்ல எர்த்துக்கு; முடிந்தால் இன்ஜின் பேட்டரியின் நெகட்டிவுக்கே.

புதுப் பெட்டியை மாட்டுவதற்கு முன் ஆல்டர்னேட்டரிலிருந்து வரும் மெல்லிய வயர்களை விரலால் தடவிக்கொண்டே போய்ப் பாருங்கள். டயோடு பெட்டி 0.7 வோல்ட்டைத் தின்றதைச் சரிக்கட்ட, கெட்டிக்காரர் யாராவது ரெகுலேட்டரின் (ஆல்டர்னேட்டரின் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் பகுதி) வோல்ட் அறியும் வயரில் ஒரு சிறு டயோடை ஒட்டவைத்து டேப் சுற்றியிருக்கலாம். அந்தத் தந்திரத்தால் ஆல்டர்னேட்டர் தன்னை ஏமாற்றிக்கொண்டு 0.7 கூடுதலாகக் கொடுக்கும்; டயோடு பெட்டி இருக்கும்வரை கணக்கு சரி. பெட்டியை எடுத்துவிட்டு அந்தச் சிறு டயோடை விட்டுவைத்தால் இரண்டு பேட்டரிகளுக்கும் 15 வோல்ட் போகும். ஆசிட் கொதிக்கும், தண்ணீர் வற்றும், ஹெட்லைட் பல்புகள் அடுத்தடுத்துப் போகும். கண்டால் எடுத்துவிட்டு நேராக இணையுங்கள். வேலை முடிந்து இன்ஜின் ஓடும்போது பேட்டரி ஆணியில் 14.5-க்கு மேல் போகிறதா என்று பார்த்தாலும் இது காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்தது ஃபியூஸ். இதில் நானே செய்த பிழையைச் சொல்கிறேன், ஏனென்றால் இது உயிர் சம்பந்தப்பட்டது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வேனுக்கு இரண்டாவது பேட்டரி வைத்துக்கொடுத்தேன். இன்ஜின் பேட்டரிப் பக்கம் பெரிய ஃபியூஸ் போட்டேன், பின்பக்கம் போடவில்லை. ஒரே வயருக்கு ஒரு ஃபியூஸ் போதும் என்று அன்று நினைத்தேன். ஆறேழு மாதம் கழித்து அந்த வேன் நாற்கரச் சாலையில் கயத்தாறு அருகே போய்க்கொண்டிருந்தபோது, பின்சக்கரத்துக்கு மேலே வயர் சேஸிஸின் ஓரத்தில் உரசி உரசித் தோல் போய் இரும்பைத் தொட்டுவிட்டது. முன்பக்க ஃபியூஸ் தன் வேலையைச் செய்து அறுந்தது. ஆனால் பின்னால் இருந்த பேட்டரி அந்த இடத்துக்குத் தொடர்ந்து கொடுத்துக்கொண்டே இருந்தது. வயர் முழுவதும் பழுத்து, இருக்கைக்கு அடியிலிருந்து புகை கிளம்பியது. ஓட்டுநர் எல்லோரையும் இறக்கிவிட்டு, ஈரத் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு நெகட்டிவ் லக்கைப் பிடுங்கியதால் வண்டி மிஞ்சியது. உள்ளே இரண்டு குழந்தைகள் இருந்தார்கள். அந்தச் செய்தி வந்த நாளை நான் மறக்கவில்லை.

சாதாரண வயரில் மின்சாரம் ஒரு முனையிலிருந்துதான் வரும். இரண்டு பேட்டரிகளை இணைக்கும் வயரில் இரு முனையிலும் ஊற்று இருக்கிறது. ஆகவே இரு முனையிலும் ஃபியூஸ் வேண்டும், ஒவ்வொன்றும் அதனதன் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள். கண்ணாடிக் குழாய் ஃபியூஸ், கார் ஆடியோவுக்கு விற்கும் பளபளப்பான மலிவுப் பெட்டி இவையெல்லாம் வேண்டாம். போல்ட் வைத்து இறுக்கும் பட்டை ஃபியூஸாக வாங்குங்கள். 25 சதுர மில்லிமீட்டர் வயருக்கு 100 ஆம்பியர் போடலாம். ஃபியூஸ் காப்பது வயரைத்தான். வயரின் தாங்கும் திறனைவிட ஃபியூஸ் பெரிதாக இருக்கவே கூடாது. வயரை வளையும் குழாய்க்குள் நுழைத்து, இரும்பைக் கடக்கும் ஒவ்வோர் ஓட்டையிலும் ரப்பர் வளையம் போட்டு, ஒவ்வொரு முழத்துக்கும் ஒரு கிளிப் வைத்து இறுக்குங்கள்.

வயரின் தடிமன் ஏன் முக்கியம் என்று ஒரு கணக்கு. இன்ஜின் பேட்டரியிலிருந்து உள்பேட்டரி வரை 5 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 ஆம்பியர் ஓடுகிறது. 10 சதுர மில்லிமீட்டர் தாமிரத்தில் அரை வோல்ட் வழியிலேயே போய்விடும். 16-இல் 0.32 போகும், 25-இல் 0.2, 35-இல் 0.15. டயோடு தின்ற 0.7-ஐ மிச்சப்படுத்திவிட்டு, மெல்லிய வயருக்கு அரை வோல்ட்டைத் தாரைவார்ப்பதில் என்ன பயன்? அது மட்டுமில்லை, வயர் மெல்லியதாக இருந்தால் வி.எஸ்.ஆர். இணைந்தவுடன் வோல்ட் விழும், உடனே பிரியும், மறுபடி இணையும். 'டக் டக்' என்று அடித்துக்கொண்டே இருந்தால் ரிலேயைக் குறை சொல்லாதீர்கள். வயரையும் எர்த்தையும் பாருங்கள். 25-க்குக் குறையாமல் போடுங்கள்.

வெல்டிங் கேபிள் நல்ல தேர்வு. மெல்லிய இழைகள் நிறைய இருப்பதால் வளைந்துகொடுக்கும், அதிர்வைத் தாங்கும். ஆனால் கடையில் அலுமினியத்திலும் வெல்டிங் கேபிள் இருக்கிறது; அலுமினியத்தின் மேல் தாமிரம் பூசிய வயரும் விற்கிறார்கள். ஓர் இழையைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வாங்காதீர்கள். லக்கைச் சுத்தியலால் அடித்து நசுக்குவதும், ஈயத்தைக் காய்ச்சி ஊற்றுவதும் இத்தனை ஆம்பியருக்குச் சரிவராது. அழுத்திப் பிடிக்கும் ஹைட்ராலிக் கருவி வேண்டும். அதற்காக நீங்கள் செலவு செய்ய வேண்டியதில்லை. கிணற்று மோட்டாருக்குப் பேனல் போர்டு கட்டிக்கொடுக்கும் கடை நம் பக்கத்தில் ஊருக்கு ஒன்றாவது இருக்கும். வயரை அளந்து வெட்டி, லக்கோடு கொண்டுபோய்க் கொடுத்தால் அங்கேயே அழுத்திக் கொடுத்துவிடுவார்கள். ஓட்டைக்குப் பொருந்தும் லக் வாங்குங்கள். பெரிய ஓட்டை லக்கைச் சிறிய ஆணியில் வாஷர் வைத்துச் சமாளிப்பது வேண்டாம்.

மாட்டும் வேலை நேரானது. கையில் காப்பு, மோதிரம், கடிகாரம் எதுவும் இருக்கக் கூடாது. ஸ்பானர் ஒரு முனை பாசிட்டிவிலும் மறு முனை பாடியிலும் படும்போது நடுவே காப்பு மாட்டினால் கை போய்விடும். பக்கத்தில் யாரும் பீடி, சிகரெட் பற்றவைக்கக் கூடாது. சார்ஜ் ஏறிய பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும். இரண்டு பேட்டரிகளிலும் நெகட்டிவை முதலில் கழற்றுங்கள், பிறகு பாசிட்டிவ். மாட்டும்போது தலைகீழாக: பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். ஒரே பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். உள்பேட்டரி பின்னால் உயிரோடு இருக்கிறது. பழைய வயர்களை எடுப்பதற்கு முன் கைப்பேசியில் நான்கைந்து படம் எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒட்டுக் காகிதத்தில் பெயர் எழுதி ஒட்டுங்கள்.

பழைய பெட்டியைத் தேடித்தேடி காற்றுப்படும் இடத்தில் வைத்திருப்பார்கள். டயோடு சூடாகும், 50 ஆம்பியர் ஓடினால் 35 வாட் வெப்பம் வரும், துடுப்புகள் அதற்குத்தான். வி.எஸ்.ஆருக்கு அந்தக் கவலை குறைவு, ஆனால் அதன் மூளை மின்னணுச் சுற்று. அக்னி நட்சத்திர வெயிலில் நம் சாலையில் ஓடும் வண்டியின் இன்ஜின் அறையில் சைலன்சர் பக்கம் வைத்தால் அது நீண்ட நாள் வாழாது. இன்ஜின் பேட்டரிக்கு அருகே, புகைக்குழாயிலிருந்து தள்ளி, தண்ணீர் தெறிக்காத இடமாகப் பாருங்கள்.

இன்னொன்று. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது ஆல்டர்னேட்டருக்கும் பேட்டரிக்கும் உள்ள இணைப்பை எக்காரணம் கொண்டும் கழற்றாதீர்கள். சார்ஜ் வருகிறதா என்று பார்க்க, ஓடும் வண்டியில் பேட்டரி லக்கைக் கழற்றிக் காட்டும் பழக்கம் பழைய காலத்து மெக்கானிக்குகளிடம் இருந்தது. அந்த நொடியில் ஆல்டர்னேட்டரிலிருந்து வோல்ட் எகிறி அதன் டயோடுகளையும் ரெகுலேட்டரையும் அடித்துவிடும்.

எல்லாம் முடிந்ததும் இன்ஜினை எடுங்கள். ஒரு நிமிடம் போல ஆகலாம்; ரிலே இணையும் சத்தம் கேட்கும். இரண்டு பேட்டரிகளின் ஆணியிலும் அளந்தால் 0.2-க்குள் ஒன்றாக இருக்க வேண்டும். பத்து நிமிடம் ஓடியபின் ஒவ்வொரு லக்கையும் விரலால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அந்த இடம் இறுகவில்லை. இன்ஜினை நிறுத்தியதும் ரிலே உடனே பிரியவில்லை என்று பயப்பட வேண்டாம். பேட்டரியின் மேற்பரப்பில் நிற்கும் சார்ஜ் இறங்கி 12.8-ஐத் தொடும்வரை இணைந்தே இருக்கும். உள்ளே விசிறியைப் போட்டால் விரைவில் பிரிந்துவிடும்.

இப்போது, நீங்கள் கேட்காத ஒரு விஷயம். ஐசொலேட்டர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், ஆலங்குளத்திலிருந்து குற்றாலம் ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். நின்று நின்று போனாலும் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தில் டியூபுலர் பேட்டரி 25, 30 ஆம்பியர்-மணிக்கு மேல் வாங்கிக்கொள்ளாது. இரவில் உங்கள் செலவைப் பாருங்கள். சிறிய குளிர்பெட்டி ஓடும்போது 4 ஆம்பியர் இழுக்கும், பாதி நேரம் ஓடும் என்றால் 12 மணி நேரத்தில் 24. ஒன்றரை ஆம்பியர் விசிறிகள் இரண்டு, 8 மணி நேரத்துக்கு இன்னொரு 24. விளக்குகளுக்கு 8. மொத்தம் 56 ஆம்பியர்-மணி. நிறைந்த, ஆரோக்கியமான 150 பேட்டரி இதைப் பாதிக்கு மேல் இறங்காமல் காலைவரை தாங்கும். வீட்டிலிருந்து கிளம்பும்போதே பாதியாக இருந்த பேட்டரியை, வழியில் வரும் சார்ஜ் காப்பாற்றாது. கூரையில் சோலார் பலகை வைக்கலாம், ஆனால் சாரல் காலத்தில் மலையடிவாரத்தில் மேகம்தான் இருக்கும். அதை நம்பி இருந்துவிடாதீர்கள். கிளம்புவதற்கு முந்தைய இரவு வீட்டு மின்சாரத்தில் நல்ல சார்ஜர் போட்டு முழுதாக நிறைத்துவிட்டுப் புறப்படுங்கள். பாபநாசம், மணிமுத்தாறு என்று பக்கத்து ஊர்ப் பயணங்களுக்கும் இதுவே பொருந்தும்.

அப்படி நிறைக்கும்போதே பேட்டரியின் உடல்நிலையும் தெரிந்துவிடும். ஆறு செல்களிலும் தண்ணீர் மட்டம் பார்த்து, டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றி, முழு சார்ஜுக்குப் பின் சில மணி நேரம் விட்டு, ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரால் ஒவ்வொரு செல்லையும் அளந்து எழுதுங்கள். ஆறும் கிட்டத்தட்ட ஒன்றாக, மூடியில் அச்சிட்டிருக்கும் அளவுக்குப் பக்கத்தில் இருந்தால் பேட்டரி நல்லது. ஒரு செல் மட்டும் தாழ்ந்திருந்தால் அந்தப் பேட்டரிக்கு எந்த ஐசொலேட்டரும் உதவாது. காலியாக இருந்த பேட்டரி இன்ஜின் எடுத்த ஐந்து நிமிடத்திலேயே 13.5-ஐத் தொட்டு, 'நிறைந்துவிட்டேன்' என்று காட்டினாலும் அது சல்பேட் இறுகியதன் அடையாளம்.

ஆகவே தம்பி, இப்போதைக்கு மீட்டரை மட்டும் வாங்குங்கள். இரவு நின்ற வண்டியில் இரண்டு பேட்டரிகளின் வோல்ட், இன்ஜின் ஓடும்போது ஏ, 1, 2 ஆணிகளின் வோல்ட், 2-ஆம் ஆணியிலிருந்து உள்பேட்டரி வரை விழும் வோல்ட், எர்த்தில் விழும் வோல்ட், ஆறு செல்களின் ஹைட்ரோமீட்டர் அளவு, ஆல்டர்னேட்டரில் குறித்திருக்கும் ஆம்பியர் ஆகியவற்றை எழுதி அனுப்புங்கள். அதைப் பார்த்துவிட்டு, எந்த ரிலே, எத்தனை மீட்டர் வயர், எந்த அளவு லக் என்று வாங்க வேண்டியதை நான் எழுதித் தருகிறேன்.